மகிழடியில் சொன்ன சொல்: பக்திப் பாட்டும் பாடுகிறவர் பொறுப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடித் தேவாரமும் திருவருட்பாவும் படிக்கிறோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பூக்கட்டும் அக்கா ஒருவர், கல்லூரிப் பெண்கள் இருவர், கானா எழுதுகிற ஒரு தம்பி என்று பலரும் வருவார்கள். நான் ஓதுவார் அல்ல. சின்ன வயதில் ஓர் ஓதுவாரிடம் கொஞ்சம் பண்ணோடு கற்றேன், அதைத்தான் இங்கே சொல்லிக் கொடுக்கிறேன். பாட்டின் பொருளைப் பேசும்போது, பாடியவர் எப்படிப்பட்டவர், எப்படி இருந்திருக்க வேண்டும் என்கிற கேள்வி வாராவாரம் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பக்திப் பாட்டு எழுதுகிறவர் ஒழுக்கமானவராக இருந்தே ஆக வேண்டுமா?

இந்த ஊரில் இதைக் கேட்டால் நேரே கோயிலுக்குள் மகிழமரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேவாரம் பாடிய சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் மனைவி. ஒற்றியூருக்கு வந்தபோது, ஞாயிறு என்ற ஊரில் பிறந்து இங்கே கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்கு மாலை தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்க்கிறார், மணக்க விரும்புகிறார். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்று பேச்சு வருகிறது. எப்படியும் ஆரூருக்குத் திரும்ப வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் சிவனிடமே ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார்: நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் சந்நிதியில் இருக்க வேண்டாம், மகிழமரத்தடிக்குப் போய்விடும். சிவன் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், மகிழடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழிப் பெண்கள் மகிழடிக்கு அழைக்கிறார்கள். வேறு வழியில்லாமல் சுந்தரர் அங்கேயே வாக்குக் கொடுக்கிறார். பிறகு தென்றல் வீசுகிறது, ஆரூர் வசந்த விழா நினைவுக்கு வருகிறது, கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன.

இது பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை. சைவர்கள் தலைமேல் வைத்துப் போற்றும் மூவரில் ஒருவரைப் பற்றி, அவர் வாக்குத் தவறினார், அதுவும் முன்கூட்டித் திட்டம் போட்டுத் தவறினார் என்று அந்த மரபே எழுதி வைத்திருக்கிறது. யாரும் அதை மறைக்கவில்லை.

எனவே ‘ஒழுக்கம் தவறாதவர்தான் பாடலாம்’ என்ற விதி நம் மரபில் கிடையாது. ஆனால் தவறினால் ஒன்றும் ஆகாது என்றும் இல்லை, கண் போனது.

தமிழில் ‘வாக்கு’ என்ற சொல்லைப் பாருங்கள். ஒருவருக்குக் கொடுக்கும் உறுதிமொழியும் வாக்குதான். புலவரின் பாட்டும் வாக்குதான். ‘அவர் வாக்கில் வந்தது’ என்கிறோம், ‘வாக்கு மாறாதே’ என்கிறோம். ஒரே நாக்கிலிருந்துதான் இரண்டும் வருகின்றன. மகிழடியில் மாறின வாக்கும் பதிகமாக வந்த வாக்கும் ஒருவருடையவைதான். பக்திப் பாட்டு எழுதுகிறவரின் பொறுப்பு என்று நான் நினைப்பது, அந்த இரண்டையும் பிரித்து வைக்காமல் இருப்பதை.

அப்படியானால் சுந்தரர் தன் தவறைப் பாட்டில் ஒத்துக்கொண்டாரா?

இதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது, அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கிறது.

ஒற்றியூர்ப் பதிகம் ‘அழுக்கு மெய்கொடு உன் திருவடி அடைந்தேன்’ என்று தொடங்குகிறது. அழுக்கு உடம்போடு வந்தேன் என்கிறார். அடுத்து ஒரு மாட்டுத் தொழுவத்துக் காட்சி: ‘பிழுக்கை வாரியும் பால்கொள்வர் அடிகேள்’. சாணம் புழுக்கையை வாரிப் போட்டுவிட்டுப் பால் கறந்துகொள்வார்கள், பால் வேண்டாம் என்று யாரும் மாட்டை விரட்டுவதில்லை. நான் தவறு செய்கிறவனானாலும் உன் திருவடிக்குப் பிழை செய்ய மாட்டேன், வழுக்கி விழுந்தாலும் உன் பெயரைத் தவிர வேறு வராது, என் கண்ணுக்கு ஒரு மருந்து சொல் என்று கேட்கிறார்.

அப்புறம் வழியில் திருவெண்பாக்கம். இப்போது பூண்டி நீர்த்தேக்கம் இருக்கும் பகுதி. பழைய ஊர் தண்ணீருக்குள் போய், கோயிலைக் கரைக்கு மாற்றிக் கட்டினார்கள். அங்கே ‘பிழையுளன பொறுத்திடுவர்’ என்று நம்பித்தானே தப்புச் செய்தேன், இப்படிக் கண்ணை மறைத்துவிட்டாயே, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறது: ‘உளோம் போகீர்’. இருக்கிறோம், போய் வாரும். ஒரு ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது. மன்னிப்பும் இல்லை, கைவிடலும் இல்லை. கண் தெரியாத ஒருவருக்கு, நடந்து போக ஒரு கோல்.

காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. ஆரூர் போய்ச் சேர்ந்ததும் மற்றக் கண்ணுக்காகப் பாடுகிறார். அங்கே தொனியே மாறிவிடுகிறது: ‘குற்றமொன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர்’. ஒரு குற்றமும் செய்யாத என்னைக் குருடனாக்கினீர், பழி உமக்குத்தான், மற்றக் கண்ணைத் தராவிட்டால் நீரே நன்றாக வாழ்ந்து போங்கள் என்கிறார்.

பிழை உண்டு என்று பாடிய அதே வாய், குற்றமே இல்லை என்கிறது. இதை முதலில் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. எத்தனையோ உரைகள் இதற்குச் சமாதானம் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது வேறு. ஒரு மனிதன் தப்புச் செய்துவிட்டுத் தண்டனை அனுபவிக்கும்போது ஒரு நாள் அழுவான், ஒரு நாள் கெஞ்சுவான், ஒரு நாள் நான் என்ன செய்தேன் என்று சண்டைக்கு வருவான். நம் வீட்டிலேயே பார்க்கிறோம். சுந்தரர் அழகான நாளை மட்டும் எடுத்து வைக்கவில்லை, எல்லா நாளையும் பாடி வைத்துவிட்டார். பிற்காலத்தார் யாரும் அந்த வரியை நீக்கவும் இல்லை. இன்றும் ஓதுவார்கள் அதைப் பண்ணோடு பாடுகிறார்கள்.

சங்கிலியார் என்ன ஆனார்? அவருக்கு நியாயம் கிடைத்ததா?

பூக்கட்டும் அக்கா கேட்ட கேள்வி இது. இத்தனை வருடம் நான் கேட்காமல் விட்ட கேள்வியும்கூட.

கதையில் அவருக்கு நியாயம் கேட்டது சிவன்தான். கனவில் வந்து எச்சரித்ததும் அவரே, வாக்குத் தவறியதும் தன் தோழன் என்றும் பாராமல் கண்ணை எடுத்தவரும் அவரே. ஆனால் சங்கிலியார் பாடிய பாட்டு என்று ஒன்று நம்மிடம் இல்லை. அவர் பூத் தொடுத்தார், வாக்குக் கேட்டு வாங்கினார், கயிலையில் உமையம்மையின் தோழி அநிந்திதையாக இருந்தவர் என்று புராணம் அவரை மேலே கொண்டுபோய் வைக்கிறது. பிரிந்த பிறகு இந்த ஊர்க் கடற்கரையில் அவர் எப்படி இருந்தார் என்பதை எந்தப் பதிகமும் சொல்லவில்லை.

பாடுகிறவர் கையில் இருக்கும் பலம் இது. தன் வலியைப் பாட்டாக்க அவரால் முடியும், தன்னால் நொந்தவரால் பெரும்பாலும் முடியாது. இன்று எழுதுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். “அப்போ சங்கிலி பாட்டை நீங்க எழுதுங்க” என்றார். இன்னும் எழுதவில்லை.

கடவுளே பாட வைக்கிறார் என்றால், பாடுகிறவருக்கு அதில் என்ன வேலை?

நம் மரபில் இரண்டும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. திருவள்ளூர் பக்கம் இலம்பையங்கோட்டூரில் சம்பந்தர் ‘எனதுரை தனதுரையாக’ என்று பாடுகிறார்: என் பேச்சே அவன் பேச்சு. நம்மாழ்வார் இன்னும் ஒரு படி மேலே போய், என்னைக் கொண்டு தன்னைத் தானே இனிய தமிழில் பாடிக்கொண்டவன் என்கிறார். சுந்தரருக்கு ‘பித்தா’ என்ற முதல் சொல்லும், சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’ என்ற முதல் சொல்லும் இறைவன் எடுத்துக் கொடுத்தது என்பது வரலாறு.

முதல் சொல்தான் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். மிச்சத்தை அவர்கள்தான் பாட வேண்டியிருந்தது. பெரிய புராணத்துக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு.

தேவாரப் பதிகத்தின் கடைசிப் பாட்டைப் பாருங்கள். திருக்கடைக்காப்பு என்பார்கள். அங்கே பாடியவர் தன் பெயரைச் சொல்லிவிடுகிறார்: ஞானசம்பந்தன் சொன்னது, ஊரன் சொன்னது என்று. எல்லாம் அவன் உரை என்று சொன்னவர், கடைசியில் இதைச் சொன்னது நான் என்று கையெழுத்தும் போடுகிறார். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை. கடன் பத்திரத்தில் வாங்கினவர் கையெழுத்துப் போடுவது மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சொல்லுக்கு நான் பொறுப்பு என்கிறார்.

எங்கள் கோயிலிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. வட்டப்பாறை அம்மன் சந்நிதி இருக்கிறதல்லவா, கம்பர் இங்கே தங்கி இரவில் இராமாயணம் எழுதியபோது அந்தக் காளியைக் கூப்பிட்டு ‘பந்தம் பிடி’ என்று பாடினாராம், அவளும் தீப்பந்தம் பிடித்து நின்றாளாம். செவிவழிக் கதைதான், ஒரு தனிப்பாட்டு அதைச் சொல்கிறது. ஆனால் வேலைப் பங்கீடு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். எனக்குப் பதிலாக நீ எழுது என்று அவர் கேட்கவில்லை. வெளிச்சம் உன்னுடையது, எழுதுகிற வேலை என்னுடையது.

கடவுளைத் திட்டிப் பாடலாமா?

பாடலாம், உறவு இருந்தால். மற்றக் கண்ணுக்காக ‘வாழ்ந்து போதீரே’ என்று ஆரூரில் சண்டை போட்ட சுந்தரர் அடுத்த நாளும் அதே வாசலில்தான் நின்றார்.

வள்ளலாருக்கும் வடசென்னைக்கும் என்ன தொடர்பு? அவர் பாட்டில் இந்தப் பொறுப்பு எப்படித் தெரிகிறது?

இராமலிங்க அடிகள் 1823-இல் மருதூரில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட, குடும்பம் சென்னைக்கு வந்தது. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வீடு. அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். 1858-இல் சென்னையை விட்டுப் போகும்வரை, அதாவது முப்பத்தைந்து வயதுவரை, அவர் நம் பக்கத்துப் பிள்ளை. கந்தகோட்டத்துக்குப் போவார், ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூர்வரை நடந்தே வருவார்.

கந்தகோட்டத்து முருகனைப் பாடிய தெய்வமணிமாலையில் பள்ளிக்கூடத்திலேயே நாமெல்லாம் படித்த பாட்டு ஒன்று உண்டு, ‘ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற’ என்று தொடங்கும். அதில் ஒரு வரி: ‘பெருமைபெறு நினது புகழ் பேச வேண்டும், பொய்மை பேசாதிருக்க வேண்டும்’. மனப்பாடமாக ஒப்பிக்கும்போது இந்த இரண்டும் ஏன் அடுத்தடுத்து வருகின்றன என்று யோசித்திருக்க மாட்டோம். புகழ் பேச வரம் கேட்ட உடனேயே பொய் பேசாமல் இருக்கவும் வரம் கேட்கிறார். புகழ் பாடுகிற தொழிலில் பொய் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தவர் கேட்கிற வரம் அது. அதே பாட்டில் ‘உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார் உறவு கலவாமை’ வேண்டும் என்கிறார். ‘மதமான பேய் பிடியாதிருக்க வேண்டும்’ என்கிறார். மதம் என்றால் செருக்கு, சமயம் என்றும் படிக்கலாம். அவரது பின்னாள் வாழ்க்கையைப் பார்த்தால் இரண்டும் பொருந்துகிறது.

ஒற்றியூரில் வடிவுடையம்மன்மேல் வடிவுடை மாணிக்க மாலை பாடினார். இங்கே வழங்கும் கதை: ஓர் இரவு நேரமாகி வீடு திரும்பியவர், தூங்குகிறவர்களை எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணி வந்து எழுப்பிச் சோறு போட்டார். கொஞ்ச நேரம் கழித்து உண்மையான அண்ணி கதவைத் திறந்து சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் முன்னால் வந்தது வடிவுடையாள் என்று புரிந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நான் நம்புகிறேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, திண்ணையில் பசியோடு படுத்த அனுபவம் அந்த மனிதருக்கு மறக்கவில்லை என்பது.

1867-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு தொழுவூர் வேலாயுத முதலியார் முதலான அன்பர்களின் முயற்சியில் திருவருட்பாவின் முதல் பகுதி சென்னையில் அச்சாகி வந்தது. தன் பெயரை ‘இராமலிங்கசாமி’ என்று போட வேண்டாம், அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று அவர் எழுதிச் சொன்னார். அதே ஆண்டு மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்று பாடியவரை, அப்படியானால் பசித்தவருக்கு என்ன செய்தாய் என்று யாரும் கேட்க முடியாது. பாட்டும் சோறும் ஒரே வருடத்தில் வந்தன.

இந்தப் பாடல்களை ‘அருட்பா’ என்று சொல்லலாமா என்று பெரிய சண்டையும் நடந்தது. திருமுறைகளுக்கு மட்டுமே அந்தப் பெயர் தகும் என்று ஆறுமுக நாவலர் தரப்பு, தகும் என்று இந்தத் தரப்பு, நீதிமன்றம்வரை போனது. அந்தச் சண்டை விவரத்துக்குள் நான் போகவில்லை. நம் காலத்து மனிதர் வாக்கில் அருள் வருமா என்பதுதான் அடியில் இருந்த கேள்வி. எந்தக் காலத்தில் பாடியவரும் அவர் காலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தானே.

காதல் பாட்டு மாதிரி எழுதுவது தெய்வக் குற்றம் ஆகாதா?

ஆகாது. வள்ளலாரே ஒற்றியூர் இறைவனைப் பலிக்கு வந்த பிச்சைக்காரராகவும், வாசலில் நின்று அவரோடு வாய்ப்பேச்சுப் பேசும் பெண்ணாகத் தன்னையும் வைத்து இங்கிதமாலை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லிலும் சிலேடை. நாயகன் நாயகி பாவம் ஆழ்வார், நாயன்மார் காலத்திலிருந்தே வருகிறது. குணங்குடியார் தெய்வத்தைப் பெண்ணாக்கி ‘மனோன்மணியே’ என்று உருகினார். அவரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

குணங்குடி மஸ்தான் சாகிபு பாட்டை நாம் படிக்கலாமா? அவர் முஸ்லிம் ஆயிற்றே?

‘நாம்’ என்றால் யார் என்று முதலில் கேட்டுக்கொள்வோம். வகுப்பில் இதைக் கேட்டவர் தண்டையார்பேட்டையில் குடியிருப்பவர். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்ததால் சாகிபைத் தொண்டியார் என்று அழைத்தார்கள், அதிலிருந்து வந்த பெயர்தான் தண்டையார்பேட்டை என்று ஊரில் சொல்வார்கள். தன் ஊர்ப் பெயருக்குக் காரணமானவர் பாட்டைப் படிக்கலாமா என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

சுல்தான் அப்துல் காதிர் என்பது அவர் இயற்பெயர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே ஃபக்கீராக வாழ்ந்து இங்கேயே அடங்கினார். இராயபுரத்துப் பக்கம் அவருடைய தர்கா இருக்கிறது. பராபரக்கண்ணி, ரகுமான் கண்ணி, மனோன்மணிக் கண்ணி என்று அவர் எழுதியவற்றில் தாயுமானவர் சாயலும் சித்தர் சாயலும் சூபி நெறியும் கலந்து ஓடுகின்றன. அந்தக் காலத்திலேயே திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்ற பெரும்புலவர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார். திருக்குறளைப் பதிப்பித்தவரும் அந்தப் புலவர்தான். வைணவமும் சைவமும் தெரிந்த அந்தத் தமிழ்ச் சூழலில் யாரும் இதை அதிசயமாக நினைக்கவில்லை.

சாகிபு எல்லாவற்றையும் துறந்து வந்தவர். மக்கள் அவரைத் தேடி வந்ததற்குக் காரணம், பாட்டில் எதை விட்டேன் என்றாரோ அதை அவர் வாழ்க்கையிலும் விட்டிருந்தார் என்பதுதான். வாக்கு என்று நான் மேலே சொன்னேனே, அதுதான் இது.

காசு வாங்கிக்கொண்டு பாடலாமா?

வகுப்பில் சூடாகும் கேள்வி. ஒரு பக்கம் நம்மாழ்வார், ‘என்னாவில் இன்கவி யான் ஒருவர்க்கும் கொடுக்கிலேன்’ என்கிறார். தஞ்சை அரசவைப் பரிசை மறுத்த தியாகராஜர் இருக்கிறார். அவரும் வயதான காலத்தில் சென்னைக்கு வந்தபோது வீணை குப்பையர் அழைப்பில் ஒற்றியூர் வந்து நம் அம்பாள்மேல் ஐந்து கீர்த்தனை பாடினார்.

இன்னொரு பக்கம் சுந்தரர் இருக்கிறார். பொன் கேட்டார், நெல் கேட்டார். குண்டையூரில் நெல் கிடைத்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை, ஆள் அனுப்பு என்று கேட்டுப் பதிகமே பாடினார். ‘ஆளிலை எம்பெருமான்’ என்ற வரியைப் படித்தபோது, துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று சாமியிடம் கேட்டிருக்கிறாரே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

என் கருத்து: உழைப்புக்குக் கூலி வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. ஓதுவாருக்கும் நாதசுவரக்காரருக்கும் வயிறு உண்டு, அவர்களுக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டுத் தெய்விகக் கலை என்று பேசுவதுதான் தவறு. நம்மாழ்வார் மறுத்தது அதை அல்ல. மனிதனைக் கடவுள் மாதிரிப் புகழ்ந்து அதற்குக் காசு வாங்குவதை மறுத்தார். திருவிழா நோட்டீசுப் பாட்டில் நன்கொடை கொடுத்தவர் பெயரை அம்மன் பெயருக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னால், அங்கே நில்லுங்கள்.

சாவு வீட்டுக் கானா பக்திப் பாட்டாகுமா?

கேட்டவர் கானாத் தம்பி. அவனுடைய பெரியவர்கள், இரவு முழுக்கப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மரண கானா பாடியவர்கள். காற்றடைத்த பை, நாலு பேர் தோள், சுடுகாடுவரை யார் வருவார் என்று அந்தப் பாட்டில் வருகிற பேச்செல்லாம் சித்தர் பாட்டின் பேச்சு.

ஒற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பேய்க்கரும்பு அவருக்கு இங்கேதான் இனித்தது என்பார்கள். ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்ற வரியை ஏட்டில் படிக்காதவர்கள்கூட நம் பக்கத்தில் சாவு வீட்டில் கேட்டிருப்பார்கள். தாயைத் தகனம் செய்தபோது அவர் பாடிய ‘ஐயிரண்டு திங்களாய்’ பாட்டுக்கு அழாதவர் உண்டா? எல்லாவற்றையும் துறந்தவர், தாய்க்குக் கொள்ளி வைக்க மட்டும் திரும்பி வந்தார். வருவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு அது.

ஆக, தம்பி, உன் தாத்தா பாடியதும் அந்த வரிசையில்தான். ஒன்று மட்டும். செத்தவரைப் பற்றித் தெரிந்ததைப் பாடு. மாலை போட்டவர் சொல்லிக் கொடுத்ததைப் பாடாதே.

தவறு செய்த கிறிஸ்தவப் பாட்டாசிரியர்கள் உண்டா, அல்லது இது சைவக் கதை மட்டுமா?

வேப்பேரியில் வாழ்ந்த ஃபப்ரீசியுஸ் ஐயர் நினைவுக்கு வருகிறார். ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி, 18-ஆம் நூற்றாண்டுக்காரர். விவிலியத்தைத் தமிழாக்கினார், ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாடும்படி ஆக்கினார். முதுமையில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். 1791-இல் இறந்தார். அவர் தமிழாக்கிய பாட்டுகளைச் சபைகள் கைவிடவில்லை. பிழுக்கை வாரிப் பால் கொண்டார்கள்.

எனக்குப் பாடவும் வராது, எழுதவும் வராது. எனக்கு இதில் என்ன இடம்?

இந்த ஊர்க் கலிய நாயனார் செக்கு ஆட்டியவர். கோயிலில் விளக்கு எரிப்பது அவர் தொண்டு. செல்வம் எல்லாம் போன பிறகு கூலிக்குச் செக்காட்டி எரித்தார், அதுவும் இல்லாமல் போனபோது தன் இரத்தத்தையே எண்ணெயாக ஊற்றக் கழுத்தில் அரிவாளை வைத்தார், இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை.

அவர் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம் சுந்தரர். அடியார்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் திருத்தொண்டத்தொகையில் ‘கலியன்’ என்று பெயர் சொல்லி அடியேன் என்றார். கலியனுக்கு மட்டுமா? நீலகண்டக் குயவனாருக்கு அடியேன், கடல்நாகை அதிபத்தருக்கு அடியேன். அதிபத்தர் மீனவர், காசிமேட்டுக்காரர்கள் உரிமையோடு கொண்டாட வேண்டியவர். துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும் அந்தத் தொகையில் இருக்கிறார், வண்ணாரப்பேட்டையில் நின்று அந்தப் பாட்டைப் படித்துப் பாருங்கள். பாடத் தெரிந்தவரின் முதல் வேலையே பாடத் தெரியாதவர் பெயரைச் சொல்வதாக இருக்கலாம். வாக்குத் தவறியவர்தான் இந்தப் பட்டியலையும் நமக்குத் தந்தார். அவர் இல்லாவிட்டால் பெரிய புராணமே இல்லை.

பொருள் தெரியாமல் பாடலாமா?

தொடங்கலாம், அப்படியே நின்றுவிடக் கூடாது. ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்று சிவபுராணமே கேட்கிறது.

நானும் ஒரு பக்திப் பாட்டு எழுதலாமா? எங்கே தொடங்குவது?

எழுதலாம். முதலில் என் கதை ஒன்று சொல்கிறேன்.

பல வருடம் முன்பு, ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளுக்காக ஒரு பாட்டு எழுதினேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் தாயே என்பது பல்லவி. மெட்டுச் சரியாக வராமல் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு ஆயா கதவைத் தட்டினார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிவரை வருகிறாயா என்றார். இதோ முடித்துவிட்டு வருகிறேன் ஆயா என்றேன். முடித்துவிட்டுப் போனபோது அவர் தனியாக ஆட்டோ பிடித்துப் போயிருந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை, இரண்டு நாளில் திரும்பி வந்தார். கூழ் ஊற்றும் நாளில் முன்வரிசையில் உட்கார்ந்து, “உன் பாட்ட பாடு ராசா” என்றார். பல்லவியைத் தொடங்கினேன். கூப்பிட்ட குரலுக்கு என்ற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. அந்தப் பாட்டை அதற்குப் பிறகு பாடியதில்லை.

ஆகவே நான் சொல்லும் யோசனை சின்னது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் எதிரில் படியுங்கள். மனைவியோ, அம்மாவோ, கூட வேலை செய்கிறவரோ. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வரி எதுவோ, அதை அடியுங்கள். அல்லது சுந்தரர் மாதிரி, ஏன் சொல்ல முடியவில்லை என்பதையே அடுத்த வரியாக எழுதுங்கள். யாப்பும் சந்தமும் பிறகு கற்றுக்கொள்ளலாம், அதற்கு வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கிறது.

மகிழமரம் இன்னும் இருக்கிறதா? போய்ப் பார்க்க முடியுமா?

இருக்கிறது, தலமரம் அதுதான். மெட்ரோவில் வந்தால் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்குங்கள், கோயில் பக்கத்திலேயே. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று ஒரு நாள் உண்டு. சுந்தரரையும் சங்கிலியாரையும் எழுந்தருளச் செய்து, அந்தச் சத்தியத்தை மரத்தடியில் மறுபடி நடத்துவார்கள். கூட்டம் தாங்காது, கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள். கீழே மகிழம்பூ உதிர்ந்து கிடந்தால் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், காய்ந்த பிறகும் அதற்கு வாசனை போகாது. பூக்கட்டும் அக்கா ஒவ்வொரு வருடமும் ஒரு பிடி பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போவார், சங்கிலிக்கு என்று சொல்லி.